சிவப்புக் கோடு போடாத அட்டை

போன மாதம் அண்ணன் மகளின் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பிறந்து இரண்டு நாள்தான். ஒரு இளம் தாதி, சக்கரம் வைத்த மேசையில் ஒரு சின்னக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் வயர் நுனியைப் பிள்ளையின் காதுக்குள் மெல்லச் செருகினாள். பிள்ளை நித்திரை குழம்பாமல் கிடந்தது. கருவியில் பச்சை வெளிச்சம் வந்தது. “காது நல்லாக் கேக்குது” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்பிடாதிங்க அன்ரி, வருத்தம் இரிக்கிற புள்ளைக்கு மட்டுமில்ல, பிறக்கிற எல்லாப் புள்ளைக்கும் இப்ப இதப் பாக்கிறதான்” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டை என்ன பாவம் செய்தாள், நல்ல சேதிதான் சொன்னாள். ஆனால் “எல்லாப் புள்ளைக்கும்” என்பதை அவள் அவ்வளவு இலேசாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. எந்தத் தாயையும் கேட்கத் தேவையில்லை. எவளும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. எந்த மருத்துவிச்சியின் எழுத்தையும் நம்பிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எல்லாக் காதையும் பார், முடிந்தது. இப்படி ஒன்று எங்கள் காலத்தில் இருந்திருந்தால் நானும் நிம்மதியாகப் பென்சன் எடுத்துச் சாப்பிடுகிற ஒரு மனுசியாக இருந்திருப்பேன். “என்ன அன்ரி, முகம் ஒரு மாதிரி இரிக்கு?” என்று கேட்டாள். “ஒண்டுமில்ல மகள், வெக்கை” என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல மருத்துவிச்சியாக இருந்தவள். சனம் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும். வீடு செட்டிபாளையத்தில். வேலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையையும் தாண்டி வயலுக்கு நடுவே கிடந்த ஊர்களில். யுத்த காலம். இந்தக் கரை ஆமியிடம், அந்தக் கரை இயக்கத்திடம். நடுவில் பாதை. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். அதில் ஏறுகிற இடத்தில் ஒரு சென்றி, ஆமியின் காவலரண். தடுப்பூசிப் பெட்டியைத் தினமும் திறந்து, ஐஸ் கட்டிக்குள் விரலை விட்டுக் கிண்டி, “மே மொனவாத?” என்று கேட்பான் ஆமிக்காரன். இது என்னவென்று கேட்கிறான். நேற்றும் கேட்டான், முந்தநாளும் கேட்டான். பிள்ளைகளுக்கு ஊசி மருந்து என்று நான் சொல்லிமுடிக்கும்போது பாதி ஐஸ் தண்ணீராகியிருக்கும். டோர்ச் கொண்டுபோகலாம், பற்றரி கொண்டுபோகக்கூடாது. இந்த வடிவான சட்டத்தை எழுதியவன் எவன் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

அந்தக் கரைக்கு நியமனம் கிடைத்த மற்ற மிஸ்ஸிமார் ஒவ்வொருத்தியாக இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், செல் குண்டு விழுகிற இடத்துக்குச் சைக்கிள் மிதிக்க யாருக்கு ஆசை. நான் போனேன். அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது. கூட்டங்களில் மற்றவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு.

ஒரு மாசி மாதம், மழை விட்டபிறகு, எங்கள் பக்கம் முழுக்க ஒரு காய்ச்சல் பரவியது. பெரிய காய்ச்சல் இல்லை. மேல் இலேசாகச் சுடும், முகத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் பொடிப்பொடியாகச் சிவப்புத் தடிப்பு வரும், காதுக்குப் பின்னால் நெறி கட்டும், மூன்று நாளில் ஆள் எழும்பி நடக்கும். அகதிமுகாம்களில் இருந்துதான் தொடங்கியது என்றார்கள். பிள்ளைகளுக்கு வந்தது, போனது. யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எடுத்தவர் ஒருவர்தான். நகரத்தில் அப்போது இருந்த பிள்ளைகளின் டொக்டர். யாழ்ப்பாணத்து மனிதர், மெலிந்த ஆள், கோபக்காரர். எங்களையெல்லாம் கூப்பிட்டு வாங்கில் இருத்தி ஒரு மணித்தியாலம் பேசினார்.

“இதுக்கு ருபெல்லா எண்டு பேர். ஜேர்மன் சின்னமுத்து எண்டும் சொல்லுறது. பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாது. ஆனால் ரெண்டு மூண்டு மாதக் கர்ப்பிணிக்கு வந்தால், வயித்துக்குள்ளை போய்ப் பிள்ளையின்ர கண்ணையும் காதையும் நெஞ்சையும் திண்டுபோடும். பிறக்கேக்கை பாத்தால் பிள்ளை வடிவாத்தான் இருக்கும்.”

பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இரத்தம் சோதிக்க அவரிடம் வசதி இல்லை. சோதனை கொழும்பில்தான். அங்கேயும் எண்ணி எண்ணித்தான் செய்துகொடுப்பார்கள். அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

“நீங்கள்தான் வீடு வீடாப் போறனீங்கள். எந்தக் கர்ப்பிணிக்காவது காய்ச்சலோடை தடிப்பு வந்தால், அவவின்ர கிளினிக் அட்டையிலை, மேல் மூலையிலை, ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுங்கோ. நீங்கள் செய்யவேண்டியது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பிறந்த அண்டைக்கே நான் இரத்தம் எடுத்து அனுப்புவன். கண்ணை விரிச்சுப் பாப்பன். கண்ணிலை வெள்ளை இருந்தால் ரெண்டு மாதத்துக்குள்ளை ஒப்பரேசன் செய்யவேணும். பிந்தினால் செய்தும் பிரயோசனம் இல்லை. பாக்கிறதுக்கு மூளை பழகாமல் விட்டிடும்.”

ஆளுக்கொரு சிவப்புப் பேனையும் தந்தார். அன்றைக்கு அதிகம் கேள்வி கேட்டவள் நான்தான். ஐந்தாம் மாதத்தில் வந்தால் என்ன, தடிப்பு இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால் என்ன என்று குடைந்து குடைந்து கேட்டேன். “இப்படிக் கேக்கவேணும்” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் மனம் குளிர்ந்துபோனேன்.

சரியாக இரண்டு கிழமை கழித்து, மூன்று மாதம் கர்ப்பமாக இருந்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனேன். வயிற்றில் தலைப்பிள்ளை. புருசன்காரன் வட்டையில் வேளாண்மை செய்கிறவன். கலியாணம் முடித்து ஒரு வருடம்தான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெட்டை அவள். இரத்தம் குத்தி எடுத்தாலும் சிரிப்பாள். அந்த ஊரில் நான் விரும்பிப் போகிற வீடு அது.

வீட்டுப் படலைக் கதவில் வேப்பங்குழை கட்டியிருந்தது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த தடம்.

எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே அம்மாள் வந்திருக்கிறா. மேலில் முத்தோ தடிப்போ போட்டுக் காய்ந்தால் அதை நாங்கள் வருத்தம், நோய் என்று சொல்லமாட்டோம். அது அம்மாள். மருந்து கொடுக்கக்கூடாது, மருந்து மணமே அந்த வளவுக்குள் ஆகாது. வெளியாள் உள்ளே போகக்கூடாது. போனால் அம்மாள் அந்த ஆளின் காலோடு கூடி அந்த ஆளின் வீட்டுக்கும் வருவா. மூன்றாம் தண்ணி வார்த்து, அம்மாள் குளிர்ந்து போனபிறகும் அதைப்பற்றி யாரும் வாயெடுக்கமாட்டார்கள். வந்தா, போனா, அவ்வளவுதான்.

என் பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் ஊசியும் இருந்தன. வீட்டில் எனக்கு நாலு வயது மகள் இருந்தாள். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். படலையைப் பார்த்து இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். பிறகு சைக்கிளைக் கிறுக்கித் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

யாரும் என்னை மறிக்கவில்லை. இதை நான் எழுதவேண்டும். ஒருவரும் வெளியே வந்து, வராதே என்று சொல்லவில்லை. நானேதான் திரும்பிப் போனேன்.

அன்று பின்னேரம் பதிவேட்டை நிரப்பும்போது, பார்க்காத வீட்டுக்குக் காரணம் எழுதவேண்டும். ‘வீட்டில் இல்லை’ என்று எழுதினேன். அவளுடைய கிளினிக் அட்டை முன்னால் இருந்தது, சிவப்புப் பேனை கைப்பைக்குள்தான் கிடந்தது. எடுத்தேன், மூடியையும் கழற்றினேன். கை போகவில்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டால் அது பிழைக்கு. அம்மாளுக்கு நான் பிழை போடுவதா என்று நினைத்தேன். என் தலையில் உண்மையாகவே ஓடிய நினைப்பு இதுதான். ஒன்றரை வருடம் பயிற்சி எடுத்து, சோதனை எழுதி, முதலாம் பிரிவில் சித்தியடைந்த ஒருத்தியின் தலையில்.

டொக்டர் சொன்னதை நீ நம்பவில்லையா என்று யாரும் கேட்கலாம். நம்பினேன். ஒரு எழுத்து விடாமல் நம்பினேன். அம்மாளையும் நம்பினேன். கூட்டத்தில் இருக்கும்போது ருபெல்லா என்பது வைரஸ். படலையில் குழையைக் கண்டால் அது அம்மாள். இரண்டும் ஒன்றுதான் என்று என் மண்டைக்கு ஏறவே இல்லை. இல்லை, அதுவும் பொய். ஏறியது. ஏறியும்தான் போனேன்.

ஐந்தாம் மாதம் அவள் கிளினிக்குக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக் கொட்டிலில்தான் கிளினிக். அட்டையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதவேண்டும். வாந்தி? கால் வீக்கம்? பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“காய்ச்சல், மேல்ல தடிப்பு, ஏதும் வந்ததா மகள்?”

அவள் தலை குனிந்துகொண்டாள். அவளுடைய வீட்டுப் படலையை நான் கண்டேன் என்பது அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்படி ஒண்டுமில்ல மிஸ்ஸி.”

‘இல்லை’ என்று எழுதினேன். நீல மையில், வடிவான எழுத்தில். அவளுக்குப் பின்னால் வரிசையில் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். அவள் அம்மாளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பொய் சொன்னாள். அவளுக்கு யாரும் ஒன்றும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. எனக்கு? நான் எதற்காக எழுதினேன்? பதிவேட்டில் ‘வீட்டில் இல்லை’ என்று எழுதிவிட்டேனே, இப்போது இங்கே ‘ஓம்’ என்று எழுதினால் அந்தப் பொய் பிடிபடுமே என்பதற்காக. இதில் அம்மாளும் இல்லை, ஆண்டவரும் இல்லை. வெறும் பயம்.

பிள்ளை நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண்பிள்ளை. அன்று நான் தடுப்பூசி மருந்து எடுக்க அங்கே போனவள், எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று வார்ட்டுக்குப் போனேன். அந்த நேரம்தான் டொக்டர் கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் முகாமில் இருந்து வந்த ஒருத்தி. அவளுடைய அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. டொக்டர் அந்தப் பிள்ளையை வாங்கி, கண்ணை விரித்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். அது வீறிட்டுக் கத்தியது. பிறகு இவளிடம் வந்தார். அட்டையை எடுத்தார். மேல் மூலையைப் பார்த்தார்.

“காய்ச்சல் ஒண்டும் வரேல்லைத்தானே அம்மா?”

“இல்ல டொக்டர்.”

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நித்திரை. கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கட்டிலுக்கு இரண்டு பேர், நிலத்திலும் ஆட்கள் என்று வார்ட் நிரம்பி வழிந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் கதவடியில் நின்றேன். நாலு அடி தூரம்கூட இருக்காது. “டொக்டர், இந்தப் பிள்ளையையும் ஒருக்காப் பாருங்க” என்று சொன்னால் போதும். ஏன் என்றுகூட அவர் கேட்டிருக்கமாட்டார், அப்படி ஒரு மரியாதை என்மேல் அவருக்கு. என் வாயில் மண்தான் கிடந்தது. பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான், கொஞ்சம் நிறை குறைவு, அது இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இல்லை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் ஊருக்குப் போய் ஒரு கிழமைக்குள் அந்தப் பக்கம் சண்டை தொடங்கியது. பாதை நின்றது. கரையில் போய் நின்று பார்த்தால் அக்கரையில் புகை தெரியும். இரண்டரை மாதம் யாரும் அங்கும் இங்கும் போகவில்லை. நான் அலுவலகத்தில் இருந்து அறிக்கை எழுதினேன். பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது, இருக்காது என்று மனதுக்குள் ஒரே சத்தம். வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்தேன். பாதை ஓடத் தொடங்கிய முதல் நாளே ஏறிப் போனேன்.

அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தாள். சிரிக்கவில்லை.

“மிஸ்ஸி, புள்ள என்ட முகத்தப் பாக்குறானில்ல. எங்கேயோ பாக்குறான். கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் கிறுகுறானில்ல. மாமி சொல்றா ஆம்புளப் புள்ளையள் சுணங்கித்தான் பாக்குமாம். அப்படியா மிஸ்ஸி?”

பிள்ளையை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பற்றரி இல்லாத டோர்ச் எதற்கு, வெயில் இருந்தது. வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பினேன். இரண்டு கருமணியிலும் பால் ஆடை படிந்த மாதிரி வெள்ளை. தலைக்குப் பின்னால் ஒரு தகரப் பேணியைப் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். கோழிகள் சிதறி ஓடின. பக்கத்து வளவில் நாய் குரைத்தது. பிள்ளை இமைக்கக்கூட இல்லை. மறுபடியும் அடித்தேன். மறுபடியும். அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

“காணும் மிஸ்ஸி, போதும்” என்றாள்.

பிள்ளையை அவளிடம் கொடுத்தேன். பிறகு ஒரு வெறி வந்தது. இப்பவே வெளிக்கிடு என்று கத்தினேன். புருசன்காரன் வயலில் நின்றான், அவனுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவளையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். சென்றியில் வழக்கமான ஆமிக்காரன் நின்றான். பெட்டியைத் திறக்கக் கையை நீட்டியவன், பிள்ளையைப் பார்த்து விரலைச் சொடுக்கி விளையாட்டுக் காட்டினான். திரும்பவும் சொடுக்கினான். பிறகு அவன் முகம் மாறியது. பெட்டியைத் திறக்காமலே கயிற்றைத் தூக்கி எங்களைப் போகவிட்டான். அவனுக்கே தெரிந்துவிட்டது.

டொக்டர் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அட்டையை எடுத்து மேல் மூலையைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கேள்விக்கு நேரே இருந்த என் ‘இல்லை’யை விரலால் தொட்டார்.

“அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. வயித்திலை பிள்ளை இருக்கேக்கை மேலிலை ஏதும் போட்டதோ?”

அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். பிறகு, “அம்மாள் வந்தவ” என்றாள். “மூண்டாம் மாதம்.”

டொக்டர் அட்டையை மேசையில் போட்டார். என் பக்கம் திரும்பினார். “மிஸ்ஸி, உங்களுக்கு இது தெரியுமோ?”

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், திறந்தேன் என்று. அதற்குள் அவள் முந்திவிட்டாள்.

“மிஸ்ஸிக்குத் தெரியா டொக்டர். மிஸ்ஸி கேட்டவ. நாங்கதான் மறைச்சம்.”

அவ்வளவுதான். டொக்டர் அவள்மேல் பாய்ந்தார். “உங்கடை இந்த மூடத்தனத்தாலைதான் பிள்ளையின்ர கண் போனது. பிறந்த அண்டைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கண்ணையாவது காப்பாத்தியிருப்பன். இப்ப கொண்டந்து என்னட்டை நீட்டுறீங்கள். நீங்களும் ஒரு தாயோ?” என்று கேட்டார். வெளியே வரிசையில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நான் பக்கத்தில், என் வெள்ளைச் சேலையோடு, அவளுக்கு ஆதரவாக வந்தவள் மாதிரி நின்றேன். கடைசியில் டொக்டர் குரலைத் தாழ்த்தி, “நல்ல காலம், மிஸ்ஸி எண்டபடியால் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தவ” என்றார்.

அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரத்தம் கொழும்புக்குப் போனது. பஸ் கொண்டக்டர் ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ருபெல்லாதான் என்று பதில் வந்தது. ஒப்பரேசனுக்கு நாள் எடுக்க, ஆமியிடம் பயணப் பாஸ் எடுக்க, பதிவு எடுக்க என்று மாதங்கள் போயின. நானும் கொழும்புக்குக் கூடப் போனேன். லீவு போட்டுப் போனேன், பெரிய தர்மவான் மாதிரி. இரண்டு கண்ணிலும் படர்ந்த வெள்ளையை வெட்டி எடுத்தார்கள். வலது கண்ணில் வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியுமாம், அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம் என்று அங்கே இருந்த கண் டொக்டர் சொன்னார். காதுக்கு ஒன்றும் செய்ய முடியாது. பிறந்த அன்று பக்கத்துக் கட்டிலில் கிடந்த சிவப்புக் கோட்டுப் பிள்ளையை இரண்டு வருடம் கழித்து ஒருநாள் நகரத்தில் கண்டேன். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, தாயின் சேலையைப் பிடித்தபடி, கடையில் தொங்கிய பலூனைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு மாதத்தில் ஒப்பரேசன் நடந்தது. ஒரு கோடு. மேல் மூலையில், ஒரு விரல் நீளத்துக்கு.

ஒப்பரேசன் முடிந்து கொழும்பிலிருந்து வந்து நாங்கள் பாதையில் ஏறினபோது வெயில் ஏறியிருந்தது. கொஞ்சம் ஆட்கள்தான். அவள் பலகையில் குந்தி, பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். மூக்கு, வாய், நெற்றி. அவன் சிரித்தான். அவன் சிரித்ததை என்னால் தாங்க ஏலாமல் போய்விட்டது.

“ஏன் மகள் அப்படிச் சொன்னாய்?” என்று கேட்டேன்.

“எப்படி?”

“எனக்குத் தெரியா எண்டு.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளையின் கையை விடவும் இல்லை.

“உங்களுக்குத் தெரியும் மிஸ்ஸி. அண்டைக்கு நீங்க படலைக்கு வெளியில நிண்டு செருப்பக் கழட்டினத நான் கிடுகு மறைப்பு ஓட்டைக்குள்ளால பாத்துக்கிட்டுத்தான் கிடந்தன். உள்ள வருவீங்க எண்டு பாத்தன். மத்தவங்க வரமாட்டாங்க, மிஸ்ஸி படிச்ச ஆள், வருவா எண்டு நினைச்சன். வயித்துல கிடக்கிறதுக்கு ஒண்டும் ஆகாதா எண்டு கேக்கத்தான் பாத்தன். நீங்க கும்பிட்டுப்போட்டுப் போயிட்டீங்க. மிஸ்ஸியே கும்பிட்டுட்டுப் போறாவே, அப்ப ஒண்டும் இரிக்காது எண்டு நானும் கிடந்திட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. பாதைக்காரன் திரும்பிப் பார்த்தான். என்னை மன்னித்துக்கொள் மகள், என்னை மன்னித்துக்கொள் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. பிள்ளை வழுகப் பார்த்தான், அவனைச் சரியாகப் பிடிப்பதற்காக.

“அழாதிங்க மிஸ்ஸி. உங்களுக்காக நான் அப்படிச் சொல்லல்ல. உண்மையச் சொல்லியிருந்தா உங்கள வேலையில இருந்து நிப்பாட்டியிருப்பாங்க. உங்கள விட்டா எங்கட கரைக்கு வேற ஆரு வாறா?”

பாதை கரையில் முட்டியது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

“என்ட தங்கச்சிக்கு இப்ப வயித்துல மூண்டு மாதம்” என்றாள். “அவளையாவது உள்ள வந்து பாருங்க.”